போதிகை சொல்லும் காலம்

மயிலாடுதுறைக்குப் பக்கத்திலிருக்கும் குத்தாலம், தேவாரம் பாடும் திருத்துருத்தி. இங்குள்ள உக்தவேதீஸ்வரர் கோயிலைச் செம்பியன் மாதேவி காலக் கற்றளிகளில் (கல்லால் எடுத்த கோயில்களில்) ஒன்றாக ஆய்வாளர்கள் வைக்கிறார்கள். 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர் கண்டராதித்த சோழரின் தேவி, உத்தம சோழரின் தாய். காவிரிக்கரைச் செங்கல் கோயில்கள் பலவற்றைக் கல்லாக எடுப்பித்தவர். பிற்காலத் திருப்பணிகள் எவ்வளவு மாற்றியிருந்தாலும், எஞ்சிய சுவரில் மூன்று இடங்களைப் பார்த்தால் கோயிலின் வயதும் நோக்கமும் பிடிபடும்.

முதலில் போதிகை. தூணின் தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவே இருந்து பாரத்தைப் பகிர்ந்து வாங்கும் கல் இது. பல்லவர் காலத்தில் அது அலை அலையாக வளையும். சோழர் காலத்தில் சரிவாக வெட்டப்பட்டு நடுவில் ஒரு துண்டு துருத்தி நிற்கும். விஜயநகர, நாயக்கர் காலத்தில் வாழைப்பூ மொட்டுப்போலத் தொங்கும். ஒரே கோயிலில் இருவகைப் போதிகை இருந்தால், மண்டபம் பிற்பாடு சேர்ந்தது என்று கொள்ளலாம்.

அடுத்து கோட்டம், அதாவது சுவரில் தெய்வ உருவம் நிற்கும் மாடம். முற்காலச் சோழர் கோயில்களில் கருவறையின் மூன்று புறமும் ஒவ்வொன்று இருப்பதே பெரும்பான்மை வழக்கம். செம்பியன் மாதேவி கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபச் சுவரிலும் கோட்டங்களைக் கூட்டினார். அதன் தென்சுவரில் ஆடவல்லானை (நடராசரை) கண்டால், அது பெரும்பாலும் அவர் பாணி.

மூன்றாவது கல்வெட்டு எழுத்து. அருகிலுள்ள கோனேரிராசபுரத்தில் கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடும் சிற்பம் இருக்கிறது. கணவரின் பெயரால் தேவி எடுப்பித்த கற்றளி அது என்பதை அதன் கீழேயுள்ள கல்வெட்டு சொல்கிறது. கட்டியவர் ஆலத்தூர்ச் சாத்தன் குணபத்தன் என்பதை அடுத்த கல்வெட்டு தருகிறது. காவிரியின் வடகரையிலுள்ள திருக்கோடிகாவலில் பழைய கோயிலைப் புதுப்பித்தபோது, செம்பியன் மாதேவி அதிலிருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டவைத்தார். பழங்கல்லின் படி என்று குறிக்கவும் செய்தார். நிலம், விளக்கு, பொன் என்று முன்னோர் கொடுத்த அறக்கட்டளைகள் கல்லோடு போய்விடக் கூடாது என்ற கவலை அது.

கல்லில் எடுக்காதது நிலைக்கவில்லை. சோழர் குடியிருந்த பழையாறையில் அரண்மனை இன்று இல்லை. சோழன்மாளிகை, ஆரியப்படைவீடு, மணப்படையூர், பம்பைப்படையூர் என்ற ஊர்கள்தான் மாளிகையும் படைவீடுகளும் இருந்த திசையைக் காட்டுகின்றன.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சாசனத்தைப் படியெடுத்துக் காத்தார்கள். இன்று திருப்பணி செய்கிறவர்கள் கல்வெட்டின் மேல் சிமெண்டும் வர்ணமும் பூசாமல் இருந்தாலே பெரிய காரியம். எழுத்துள்ள துண்டுக்கல் வயலிலோ குளக்கரையிலோ கண்ணில் பட்டால், அதை நகர்த்தாமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.