எந்தப் பொட்டலம் போகலாம்?

2003 ஜனவரி 25, சனிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 11 மணி அளவில் இணையத்தில் ஒரு சிறு நிரல் புறப்பட்டது. அதன் நீளம் 376 பைட்டுகள்தாம்; நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும் விடுமுறை விண்ணப்பம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும்! தொடக்கத்தில் 8.5 வினாடிக்கு ஒருமுறை அது இரட்டித்தது. தன்னால் தாக்கக்கூடிய கணிப்பொறிகளில் 100க்கு 90ஐப் பத்தே நிமிடங்களில் பிடித்துவிட்டது. 'ஸ்லாம்மர்' என்று அதற்குப் பெயர். அது எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. பிடிபட்ட ஒவ்வொரு கணிப்பொறியும் அதன் நகல்களை இடைவிடாமல் வாரி இறைத்ததால், இணைப்புகள் திணறிப்போயின. அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கியின் ஏ.டி.எம்.களில் பணம் எடுக்க முடியவில்லை.

அதைத் தடுக்க எழுதப்பட்டது ஒரே ஒரு வரி: '1434 என்ற யு.டி.பி. எண்ணுக்குப் போகும் எதையும் விடாதே.' இந்த வரியைப் படிப்பது யார்?

கணிப்பொறி அறையில், கம்பிகள் பல செருகிய, விளக்குகள் மினுக்கும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சுவிட்ச். செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாக அதன் வழியே போகின்றன. பொட்டலத்தின் மேலுறையில் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, அனுப்பும் முறை, போர்ட் எண் ஆகியவை இருக்கும். யு.டி.பி. என்பது, 'வந்து சேர்ந்ததா?' என்று கேட்காமலே அனுப்பிவிடும் முறை. போர்ட் எண், பெறும் கணிப்பொறியில் எந்த வேலைக்கு உரிய பொட்டலம் என்பதைச் சொல்லும். ஸ்லாம்மர் தாக்கிய தரவுத்தள நிரலின் எண் 1434. மலிவான சுவிட்சுகள் எதையும் கேட்காமல் அனுப்பிவிடும். உயர்ந்த வகைச் சுவிட்சுகளிலோ, 'இதை விடு, இதைத் தடு' என்று ஓர் அணுகல் பட்டியலை எழுதி வைக்கலாம்.

ஒரு பள்ளியை எண்ணிக்கொள்ளுங்கள். மதிப்பெண் கணிப்பொறியின் முகவரி 192.168.20.5. மாணவர் அறைக் கணிப்பொறிகள் எல்லாம் 192.168.10 என்று தொடங்குகின்றன. அவற்றில் 7ஆம் எண் மட்டும் ஆசிரியருடையது. முதல் வரி: 7ஆம் எண் மதிப்பெண் கணிப்பொறிக்குப் போகலாம். இரண்டாவது: அந்த அறையின் வேறெதுவும் அங்கே போகக்கூடாது. மூன்றாவது: மற்ற எல்லாம் போகலாம்.

இப்போது முதல் இரண்டு வரிகளையும் இடம் மாற்றுங்கள். 'அந்த அறையின் எதுவும் போகக்கூடாது' என்பது முன்னால் வந்துவிடும். ஆசிரியரும் வெளியே நிற்க வேண்டியதுதான்! எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதுவே தீர்ப்பு. அதற்குக் கீழே உள்ளவை கணக்கில் இல்லை. மூன்றாவது வரியை மறந்தால் இன்னும் வேடிக்கை. பல சுவிட்சுகளில், பட்டியலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி உண்டு: 'மற்ற எல்லாவற்றையும் தடு.' அறை முழுவதும் அடைபட்டுவிடும்.

வினாடிக்கு 1 கிகாபிட் இணைப்பு ஒன்றில், மிகச் சிறிய பொட்டலங்கள் வினாடிக்குச் சுமார் 14,88,000 வரக்கூடும். ஒவ்வொன்றுக்கும் வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்க நேரமேது? ஆகவே ஒரு தனி நினைவகச் சில்லு எல்லா வரிகளையும் ஒரே சமயத்தில் ஒப்பிடுகிறது. சாதாரண நினைவகத்தில் 0, 1 என்ற இரண்டே நிலைகள். இதிலோ 'எதுவானாலும் சரி' என்று மூன்றாவது நிலையும் உண்டு. '192.168.10 என்று தொடங்கும் எல்லாம்' என்பதை ஒரே வரியில் எழுத முடிவது அதனால்தான். பல வரிகள் பொருந்தினால் மேலே உள்ளதே வெல்லும்.

சுவிட்ச் மேலுறையைத்தான் படிக்கிறது, உள்ளே இருப்பதை அன்று. அதோடு, பொட்டலம் அந்தப் பெட்டி வழியாக வந்தால்தான் அது படிக்கவே முடியும். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே வாசலில் இருந்த காப்பு அரண் ஸ்லாம்மரைத் தடுத்திருக்கும். ஆனால் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் இணைப்பு, அந்த அரணைத் தொடாமல் நேரே உள்ளே சென்றது. அதன் வழியே ஸ்லாம்மர் நுழைந்தது. பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் கணிப்பொறித் திரை ஏறத்தாழ 5 மணி நேரம் இயங்கவில்லை. அணு உலை 2002 முதலே பழுது பார்ப்பதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. கணிப்பொறியைச் சாராத பழைய காட்டிகளும் அங்கே இருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.