உங்களுக்குத் தெரியுமா? எந்தக் காய்ச்சலுக்கு எந்த மருத்துவர்!

● தொற்றுநோய்களுக்கென்றே தனி மருத்துவர்கள் இருக்கிறார்கள். எம்.டி. முடித்த பிறகு இன்னும் மூன்று ஆண்டுகள் டி.எம். படித்தவர்கள். நாள்கணக்கில் காய்ச்சல் இறங்காமல், ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் பிடிபடாதபோது மற்ற மருத்துவர்கள் இவர்களிடம் அனுப்புவார்கள். வந்தவுடன் கேள்விகளை அடுக்குவார்கள். எந்த ஊருக்குப் போனீர்கள்? வயலில் இறங்கினீர்களா? வீட்டில் எலி உண்டா? காய்ச்சாத பால் குடித்தீர்களா? எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதே உங்கள் பதிலைப் பொறுத்துத்தான் முடிவாகும்.

● ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தச் சொல்வதும் இவர்கள் வேலைதான். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதைத் தடுக்க, பல மருத்துவச் சங்கங்கள் 2012இல் சென்னையில் கூடி வகுத்த திட்டத்துக்குச் ‘சென்னைப் பிரகடனம்’ என்றே பெயர். ஜலதோஷம், ஃப்ளூ, டெங்கு மூன்றும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாட்டிக் இவற்றை ஒன்றும் செய்யாது. சீட்டே இல்லாமல் மருந்துக்கடையில் நின்று, “ரெண்டு அசித்ரோமைசின் கொடுங்க” என்று கேட்கும் பழக்கத்தை நாம் விட்டேயாக வேண்டும்.

● புதர்க்காடுகளில் வாழும், கண்ணுக்கே தெரியாத ஒருவகை உண்ணியின் குஞ்சு கடித்து வருவது ஸ்க்ரப் டைபஸ். தமிழ்நாட்டில் மழையும் குளிரும் சேரும் மாதங்களில் இது அதிகம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு வரலாம். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பில் துணி இறுகும் இடம் என்று தேடிப் பார்க்கும் மருத்துவர் நோயைச் சீக்கிரம் பிடித்துவிடுவார். கூச்சப்படாமல் காட்டுங்கள். பென்சிலின் வகை மருந்துகள் இதற்கு வேலை செய்யா, டாக்சிசைக்ளின் செய்யும். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்புவழி கொடுத்தால் இன்னும் நல்ல பலன் கிடைக்கிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் நிறுவியது.

● டெங்குவில் மிகவும் கவனிக்க வேண்டியது காய்ச்சல் விடும் நேரத்தை. “ஜுரம் விட்டுடுச்சு, இனிப் பயமில்லை” என்று வீடே நிம்மதியடையும் அந்த ஓரிரு நாளில்தான் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியக்கூடும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், குழந்தை துவண்டு போவது, கைகால் சில்லிடுவது: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் சரியில்லை. டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் கூடாது, பாராசிட்டமால் போதும்.

● டைபாய்டுக்கு இன்றும் பல இடங்களில் செய்யப்படும் வைடால் பரிசோதனை 1896இல் வந்தது. ஒருமுறை மட்டும் செய்து பார்த்த வைடாலை நம்ப முடியாது. ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தக் கல்ச்சருக்கு எடுப்பதுதான் நல்ல வழி.

● காசநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைப்பதுதான் ஒருகாலத்தில் சிகிச்சை. தாம்பரத்தில் சௌரி முத்து என்ற மருத்துவர் 1928இல் தொடங்கிய சானடோரியத்தின் பெயர் ரயில் நிலையத்துக்கே ஒட்டிக்கொண்டது. இந்தப் பழக்கத்தை மாற்றியதும் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை வீட்டிலும் வைத்து ஒரே மாத்திரைகளைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் பரம ஏழைகள். நெரிசலான குடியிருப்பு, போதாத சாப்பாடு. ஆனாலும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. அதன்பின் உலகம் முழுவதும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குடும்பத்தைப் பிரியாமல் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகும் ஒவ்வொருவரும் அந்தச் சேத்துப்பட்டு நோயாளிகளுக்குக் கடன்பட்டவர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இதற்கான நிபுணர் நெஞ்சக நோய் மருத்துவர்.

● இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை 1986இல் முதலில் கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளைத் தம் வீட்டு ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தி, பிறகு வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. நோயாளிகளைத் தொடவே பலர் அஞ்சிய காலத்தில், சுனிதி சாலமன் அவர்களுக்கென்றே 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். இந்தத் துணிச்சலைப் பள்ளிப் பாடத்தில் வைக்கலாம்.

● சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸின் வேலை. சின்னம்மை இறங்கிய பிறகும் வைரஸ் நரம்பில் ஒளிந்திருக்கும். வயதாகும்போதோ உடல் தளரும்போதோ ஒருபக்கமாக, எரிச்சலோடு அக்கியாக வரும். குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் உண்டு. கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவது முக்கியம். காவிக்காக அந்த நேரத்தை இழக்காதீர்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றே கண் மருத்துவரையும் பாருங்கள். பார்வை போகும் ஆபத்து உண்டு.

● 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கும்வரை, வெறிநாய் கடித்த தென்னிந்தியர்கள் சிகிச்சைக்காக இமயமலை அடிவாரத்துக் கசௌலிவரை போக வேண்டியிருந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடுப்பூசி கிடைக்கிறது. நிபுணரைத் தேடி அலைய வேண்டாம். கடித்தவுடன் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். மிளகாய்ப்பொடியோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். கடித்த இடத்தில் ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவை. முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்துக்கொண்டால், 3, 7, 28ஆம் நாள்களில் தோலுக்குள் போடும் மற்ற ஊசிகள். கடித்த நாய் நன்றாகத்தான் திரிகிறது என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.