படத்தில் நிற்பவர் பெயர் என்ன?

பிறநாடு சென்று மீண்டவர் ஒருவரைக் காணச் சென்றால், அவர் முதலில் நம் முன் எடுத்து வைப்பது தாம் பிடித்த படங்களையே. கோபுரங்களும் பாலங்களும் பனிமலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். இடையிடையே சில முகங்களும் தோன்றும்: சந்தையில் மீன் விற்ற மூதாட்டி, வழிகாட்டிய இளைஞன், புகைவண்டியில் எதிரே அமர்ந்து பழம் பகிர்ந்துண்ட குடும்பம். "இவர் யார்?" என்று கேட்டால், "பெயர் தெரியாது; பாஷை தெரியாத ஊரில் எப்படிக் கேட்பது?" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

இக்குறை இன்று நேற்று ஏற்பட்டதன்று. புகைப்படக் கலையின் இளமைக் காலந்தொட்டே அது இருந்து வருகிறது. ஸ்கொட்லாந்து நாட்டவரான யோன் தொம்சன் 1868 முதல் 1872 வரை ஹொங்கொங்கிலும் சீனத்திலும் தங்கிப் பிடித்த படங்களுள் இருநூறு, 1873, 1874ஆம் ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. தம் கமராவை மக்கள் மாயக் கருவியென அஞ்சினர் என்றும், படத்தில் அகப்பட்டவரின் உயிரில் ஒரு பகுதி பறிபோகும் என நம்பினர் என்றும் அவரே எழுதியுள்ளார். விளக்கிச் சொல்லப் பொதுமொழி இல்லாதவிடத்து, விளங்காத கருவி அச்சந் தருவதில் வியப்பென்ன?

தொம்சனைத் தேடிச் சீனம்வரை செல்ல வேண்டியதில்லை. நம் களுத்துறையிலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. கமரன் என்னும் பெயர் இலங்கை வரலாறு கற்ற மாணவர் எவரும் அறிந்தது. 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கு வழிவகுத்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் சாள்ஸ் ஹே கமரனுடைய மனைவியே, புகைப்படக் கலை வரலாற்றில் அழியாப் புகழ் பெற்ற யூலியா மார்கரட் கமரன்.

இவ்வம்மையார் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். ஜேர்மன் கவிஞர் பூர்கரின் கதைப்பாடல் ஒன்றை 1847இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். 1863ஆம் ஆண்டு இறுதியில், தமது 48ஆவது வயதில், மகள் பரிசாக அளித்த கமராவைக் கொண்டு இக்கலையிற் புகுந்தார். தெனிசன், டார்வின், ஹேர்ஷல் முதலிய பேரறிஞர்களின் முகங்களை அவர் பிடித்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879 சனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அவரது கல்லறையைக் காணலாம்.

அக்காலத்தில் படம் பிடிப்பது எளிய காரியமன்று. கண்ணாடித் தட்டொன்றில் கொலோடியன் என்னும் பசைத் திரவத்தைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் எடுத்து, உடனே இருட்டறையிற் கழுவ வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் அந்த ஈரம் விரைவிற் காயும். கமரன் அம்மையார் கையாண்ட முறையிலோ, எதிரே இருப்பவர் சில நிமிட நேரம் அசையாதிருத்தலும் வேண்டும். இவ்வளவையும் தம் மொழி அறியாத ஒருவருக்கு எவ்வாறு உணர்த்துவது? களுத்துறையிற் சிங்களம், மலைத் தோட்டங்களில் தமிழ், அம்மையாருக்கோ ஆங்கிலம்.

அவர் இலங்கையிற் பிடித்த படங்களுள் ஏறத்தாழ முப்பதே எஞ்சியுள்ளன. அவற்றில் நிற்போர் பலர் தோட்டத் தொழிலாளரும் வீட்டு ஏவலாளரும் எனக் கருதப்படுகின்றனர். அகன்ற கண்களோடு நம்மை நேரே நோக்கும் அந்த முகங்களின் அழகிலும் கம்பீரத்திலும் குறைவில்லை. ஆயினும் அவற்றின் கீழே காணப்படுவன, "களுத்துறைக் குடியானவர் குழு" என்பன போன்ற பொதுக் குறிப்புகளே. இங்கிலாந்தில் அவர் வீட்டுப் பணிப்பெண்ணாயிருந்து, பல படங்களுக்கு மாதிரியாய் நின்ற மேரி ஹில்லியரின் பெயரை நாம் அறிவோம். இங்கு நின்றவர்களின் பெயரை அறியோம்.

1877இல் உலகம் சுற்றி வந்த ஓவியர் மேரியன் நோர்த் களுத்துறையில் இவருக்கு விருந்தினரானார். அந்நாட்களை நோர்த் தம் நினைவு நூலில் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். 96 பாகை உச்சி வெயிலில், கம்பளித் துகிலைப் போர்த்தி, தலைக்குப் பின்னே தென்னோலை குத்தத் தம்மை நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி சொன்னார்களாம்! மற்றுமொரு செய்தியும் அந்நூலில் உண்டு. ஒருவருடைய முதுகின் அழகைக் கண்டு வியந்த அம்மையார், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளுமாறு மகனை வற்புறுத்தினார். அம்மையாருக்கோ தோட்டம் இல்லை. அம்மனிதருக்கோ அந்தச் சொல்லின் பொருளே தெரியாது. வாசிப்போர் சிரிப்பர். ஆனால், விளங்காத சொல்லொன்றால் வேலைக்கமர்ந்தவர் அதைப்பற்றி என்ன எண்ணினார் என்பது எந்நூலிலும் இல்லை.

களுத்துறை வீட்டில் எடுத்த படமொன்றில், நோர்த் ஓவியந் தீட்டிக்கொண்டிருக்கிறார். குடம் தாங்கிய தமிழ்ச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். நோர்த்தின் ஓவியங்களுக்கென 1882இல் இலண்டன் கியூ பூங்காவில் திறக்கப்பட்ட மண்டபம் இன்றும் உண்டு. வெயிலில் தாம் பட்ட பாட்டை எழுதிவைக்க அவருக்கு மொழியும் நூலும் வாய்த்தன. அச்சிறுவனுக்கோ, "தமிழ்ச் சிறுவன்" என்பதே முழு வரலாறு. அவனுக்கும் தாய் ஒருத்தி பெயரிட்டு அழைத்திருப்பாள் அன்றோ?

மொழி தெரியாமை மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறிவிட இயலாது. தோட்டங்களிலே ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் வேலைக் கணக்கிற் பதியப்பட்டது. கங்காணி பெயர் சொல்லித்தான் ஆள் அழைத்தார். கூலி கணக்கிட வேண்டியபோது பெயர் தேவைப்பட்டது. கலை படைத்தபோது தேவைப்படவில்லை. கேட்க விரும்பியவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் கிடைத்திருப்பர்.

பின்னர், தமிழரே கமரா ஏந்தி உலகம் சுற்றும் காலமும் வந்தது. டோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் இக்கலையைப் பயின்ற ஏ. கே. செட்டியார், பல நாடுகளில் அலைந்து பழைய படச்சுருள்களைத் தேடித் தொகுத்து, மகாத்மா காந்தி பற்றிய வரலாற்றுப் படத்தை 1940இல் வெளியிட்டார். படம் எடுத்ததோடு அமையாது, சென்ற நாடுகளைப் பற்றித் தமிழில் எழுதியும் வைத்தார். படமும் எழுத்தும் இணைந்து செல்லவேண்டும் என்பதற்கு அவர் நல்ல முன்மாதிரி.

இன்று கைத்தொலைபேசியே கமராவாகிவிட்டது. அதுவே ஒரு மொழியிற் பேசியதை மறுமொழியிற் பெயர்த்தும் ஒலிக்கிறது. பாஷை தெரியாது என்னும் சாக்கு வலுவிழந்துவிட்டது. பெயர்க்கும் கருவியும் வேண்டாம்; தன் மார்பைத் தொட்டுத் தன் பெயரைச் சொல்லி, எதிரே இருப்பவரை நோக்கிக் கையை நீட்டினால், எந்நாட்டவரும் தம் பெயரைச் சொல்வர். படம் எடுக்குமுன் அனுமதி கேட்பதற்கும் அதுவே நல்ல தொடக்கம்.

அடுத்த விடுமுறையில் வெளிநாடு செல்லும் ஆசிரியரும் மாணவரும் சிறு குறிப்பேடு ஒன்றை உடன் கொண்டு செல்வாராக. பெயர், ஊர், நாள் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முகத்தின் கீழும் எழுதி வைப்பாராக. பெயர் வெளியாவதை விரும்பாதவர் விருப்பத்தையும் மதிப்பாராக. பெயரிழந்த முகங்களைப் பிறருடைய தொகுதிகளிற் காணும் நாம், நம்முடைய தொகுதியிலும் அத்தகைய முகங்களைச் சேர்த்து வைத்தல் தகுமா?