ஜிஞ்சர் பீர் பீரா?

“டீச்சர், ஜிஞ்சர் பீர்ல பீர் இருக்கா? நாங்க குடிக்கலாமா?”

நான்காம் படிவ மாணவி ஒருத்தி சென்ற மாதம் கேட்ட கேள்வி இது. பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் குளிர்பானங்களுக்கு நடுவே அதைப் பார்த்திருக்கிறாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை எப்படித் தயாரித்தார்கள் என்பது தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இன்று கடைகளில் விற்கும் ஜிஞ்சர் பீரில் பெரும்பகுதி குளிர்பானம்தான். சீனி, இஞ்சிச் சாறு அல்லது இஞ்சிச் சுவை கலந்த நீரில் கரியமில வாயுவை அழுத்தி ஏற்றிவிடுகிறார்கள். இலங்கையில் பெயர்பெற்ற எலிபண்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பீரும் குளிர்பானமே.

பழைய முறை வேறு. 18ஆம் நூற்றாண்டு முதலே இங்கிலாந்தில் வீடுகளில் இதை நொதிக்க வைத்துக் குடித்திருக்கிறார்கள். நாம் தயிருக்கு உறை ஊற்றுவதுபோல், அவர்கள் இஞ்சியும் சீனியும் கலந்த நீரில் வெண்மையான, கொழகொழப்பான சிறு கட்டிகளைப் போடுவார்கள். அதற்கு ‘ஜிஞ்சர் பீர் செடி’ என்று பெயர். உண்மையில் அது செடியே அல்ல.

அது என்ன என்று கண்டுபிடித்தவர் ஹாரி மார்ஷல் வார்டு. இவருக்கும் நம் முன்னோர் வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1880இல் இலங்கைக்குச் சென்று, தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த இலைத்துரு நோயை ஆராய்ந்தவர் இவர். அதற்குக் காரணம் காற்றில் பரவும் ஒரு பூஞ்சை என்று காட்டினார். ஆனால் காப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

இங்கிலாந்து திரும்பியவர், ஜிஞ்சர் பீர் கட்டியில் கலந்திருந்த நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்த்தார். 1892இல் முடிவை வெளியிட்டார். பலவகை உயிர்கள் இருந்தாலும் இரண்டுதான் முக்கியம்: ஒரு ஈஸ்ட், ஒரு பாக்டீரியா. பாக்டீரியா தன்னைச் சுற்றி ஜெல்லி போன்ற உறையை உருவாக்குகிறது. ஈஸ்ட் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. தனித்தனியே வளர்த்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தபோது மீண்டும் கட்டி உருவானது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிரித்துப் பார்ப்பதோடு நில்லாமல், திரும்பச் சேர்த்தும் காட்டிவிட்டார்!

ஈஸ்ட் சீனியைச் சிதைக்கும்போது எத்தனாலும் கரியமில வாயுவும் வெளிவருகின்றன. ஆக, நொதித்த ஜிஞ்சர் பீரில் மது உண்டு. ஓரிரு நாளில் நிறுத்தினால் கொஞ்சம்தான். ஒரு லிட்டரில் 100 கிராம் சீனி போட்டு, அது முழுவதும் நொதித்துவிட்டால் 6 விழுக்காட்டையும் தாண்டும். அது சாதாரண பீரைவிடக் குறைந்ததல்ல.

இன்னோர் ஆபத்தும் உண்டு. 4 கிராம் சீனி நொதித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு கிடைக்கும். 100 கிராமுக்குக் கணக்குப் போடுங்கள். மூடிய கண்ணாடிப் போத்தலுக்கு 25 லிட்டர் வாயு தாங்குமா? கல்லூரி நாளில் கிள்ளானில் என் வீட்டுச் சமையலறையில் ஒன்றை மூடிவைத்து மறந்துவிட்டேன். நம் ஊர் வெப்பத்தில் ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும். நள்ளிரவில் வெடித்தது. சில்லுகள் கூரை வரை பறந்திருந்தன. அடுப்படியில் அப்போது யாரும் இல்லாதது எங்கள் நல்ல நேரம். அம்மா அதை இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

நாக்கில் சுர்ரென்று ஏறும் காரத்துக்கு மது காரணமல்ல. பச்சை இஞ்சியிலுள்ள ஜிஞ்சரால் என்னும் பொருள், சூட்டை உணரும் நம் நரம்புமுனைகளைத் தூண்டுகிறது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது ஜிஞ்சராலின் ஒரு பகுதி, நீர் மூலக்கூறை இழந்து ஷோகாலாக மாறுகிறது. அதன் காரம் இன்னும் அதிகம்.

நொதித்தலை நேரில் பார்க்க ஆசையா? நெகிழிப் போத்தலில் வெதுவெதுப்பான நீர், இரண்டு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட் போட்டு, மூடிக்குப் பதிலாக வாயில் ஒரு பலூனை மாட்டுங்கள். இன்னொரு போத்தலில் துருவிய இஞ்சியும் சேர்த்து இதையே செய்யுங்கள். எந்தப் பலூன் முதலில் எழுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். குடித்துப் பார்க்க வேண்டாம்.