உயரும் வண்டி, கரையும் பெட்ரோல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கண்ணை விற்று ஓவியம் வாங்குவது என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. அமெரிக்க நாட்டுச் சாலைகளில் இதனை நேரிலேயே காணலாம். எரிபொருளைச் சேமிப்பதற்கென்று கூடுதல் விலை கொடுத்து ஹைபிரிட் பிக்கப் வண்டியை வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு அதனைப் பட்டறைக்குக் கொண்டு போய், நான்கு அங்குலமோ ஆறு அங்குலமோ உயர்த்தி, பெரிய டயர்களை மாட்டிக்கொள்வோர் அங்கே பலர். பிறகு, "சொன்ன மைலேஜ் கிடைக்கவில்லையே" என்ற குறை எழுகிறது.

கடல் கடந்த நாட்டின் வண்டி நமக்கு எதற்கு என்று நண்பர்கள் வினவலாம். இயக்கவியல் தாளில் நாம் மனப்பாடம் செய்து எழுதி மறந்துவிடும் நான்கைந்து சூத்திரங்கள் ஒரே இடத்தில் கூடி வேலை செய்வதை இதைப் போல் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்கு வேறு கிடைக்கவில்லை. அதனாலேயே இதை எடுத்துக்கொண்டேன்.

பிக்கப் என்பது முன்னால் கார் போன்ற அறையும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட வண்டி. அமெரிக்காவில் அது உழவருக்கும் தச்சருக்கும் மட்டும் உரியதன்று. அலுவலகம் செல்பவரும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுபவரும் அதையே ஓட்டுகிறார்கள். போர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை 1977 முதல் அந்நாட்டில் மிகுதியாக விற்கும் டிரக் வரிசை. அதைச் சேர்ந்த எஃப்-150 வண்டிக்கு 2021ஆம் ஆண்டு மாடலில் ஹைபிரிட் வடிவம் வந்தது. 3.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினோடு 35 கிலோவாட் மின்மோட்டாரையும் 1.5 கிலோவாட்-மணி பாட்டரியையும் அதில் இணைத்தார்கள். அடுத்த ஆண்டு மாடலில் டொயோட்டாவின் டண்ட்ரா ஹைபிரிட்டும், போர்டின் சிறிய பிக்கப்பான மேவரிக் ஹைபிரிட்டும் வந்தன.

மீள்வதும் மீளாததும்

ஓடுகின்ற வண்டியிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. சாதாரண வண்டியில் பிரேக் போட்டால் அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகிக் காற்றோடு போய்விடும். ஹைபிரிட் வண்டியில் மின்மோட்டாரே அந்நேரம் டைனமோவாக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேர்க்கிறது. சைக்கிள் சக்கரத்தில் டைனமோவைச் சாய்த்தவுடன் மிதி கனப்பதை உணர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சேர்த்த மின்சாரம் அடுத்த முறை வண்டி கிளம்பும்போது என்ஜினுக்குத் தோள் கொடுக்கிறது. சிக்னலில் நிற்கும்போது என்ஜின் தானே அணைந்துகொள்வதும் ஒரு சேமிப்பு.

ஆக, பெட்ரோலிலிருந்து பெற்ற ஆற்றலில் வண்டியின் வேகமாக மாறிய பங்கை ஓரளவு திரும்பப் பெறலாம். காற்றைக் கிழிப்பதற்கும் டயர் ரப்பரைக் கசக்குவதற்கும் செலவான பங்கை எந்த மோட்டாராலும் திரும்பப் பெற முடியாது. இக்கட்டுரையின் அடிப்படை இவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் கணக்கிற்காக எடுத்துக்கொண்டவை. எந்த வண்டியையும் அளந்து பெற்றவை அல்ல. வண்டியின் நிறை 2500 கிலோகிராம், முன்புறப் பரப்பு 3.3 சதுர மீட்டர், காற்றுத் தடைக் குணகம் 0.4, டயரின் உருளல் தடைக் குணகம் 0.010 என்க.

நகரத்தில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வண்டியின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2.4 லட்சம் ஜூல். அவ்வேகத்தில் காற்றும் ரப்பருமாகச் சேர்ந்து தரும் தடை சுமார் 400 நியூட்டன். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 4 லட்சம் ஜூல். கிலோமீட்டருக்கு ஒரு முறை நிற்க வேண்டிய ஊரில், செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிரேக்கில் போகிறது. ஹைபிரிட் கை வைப்பது அந்தப் பங்கின் மீதுதான்.

இனி நெடுஞ்சாலைக்கு வருவோம். மணிக்கு 105 கி.மீ. வேகம். காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக வளர்வதால் அது மட்டுமே 670 நியூட்டன் ஆகிவிடுகிறது. ரப்பரின் தடை 245 நியூட்டன். மொத்தம் 915. நிற்காமல் 100 கி.மீ. ஓடினால் இத்தடைகளுக்கு எதிராகச் செய்யும் வேலை 915 லட்சம் ஜூல். கடைசியில் பிரேக் போடும்போது வண்டியிடம் இருப்பதோ 10.6 லட்சம் ஜூல். அதில் ஒரு துளியும் சிந்தாமல் திரும்பப் பெற்றாலும் நூற்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேல்தான். 1.5 கிலோவாட்-மணி பாட்டரியை நிறைத்தாலும் அதில் அடங்குவது 54 லட்சம் ஜூல். இவ்வேகத்தில் ஆறு கிலோமீட்டருக்குள் அது தீர்ந்துவிடும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தந்துள்ள எண்களும் இதையே சொல்கின்றன. 2021 மாடல் நாற்சக்கர இயக்க எஃப்-150, 3.5 லிட்டர் என்ஜினோடு மட்டும் ஓடினால் ஒரு காலனுக்கு நகரில் 18 மைல், நெடுஞ்சாலையில் 23 மைல். அதே என்ஜினுடன் ஹைபிரிட் சேர்ந்தால் இரண்டிலும் 24. (அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர்; ஆகவே 24 என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 10.2 கி.மீ.) நகரில் 6 மைல் லாபம், நெடுஞ்சாலையில் ஒரே ஒரு மைல்! சிறிய மேவரிக்கில் இது இன்னும் வெளிப்படை. 2022 மாடலில் நகரில் 42, நெடுஞ்சாலையில் 33. சாதாரண வண்டிகள் நெடுஞ்சாலையில்தான் அதிகம் தரும் என்று கேட்டுப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

உயர்த்தினால் என்ன ஆகும்?

லிஃப்ட் கிட் என்பது வண்டியை உயர்த்துவதற்கான உதிரிப் பாகங்களின் தொகுப்பு. சட்டத்திற்கும் உடலுக்கும் இடையே கட்டைகளை வைத்து உயர்த்துவது ஒரு வகை. ஸ்பிரிங்கு, ஷாக் அப்சார்பர் முதலியவற்றையே மாற்றி உயர்த்துவது மற்றொரு வகை.

பிக்கப்பின் அடிவயிறு அழகான இடமன்று. அச்சு, புகைக்குழாய், பெட்ரோல் தொட்டி, குறுக்குச் சட்டங்கள் என்று காற்றைத் தடுத்துச் சுழிக்க வைக்கும் பொருள்கள் அங்கே நிறைய. வண்டி தாழ்வாக இருக்கும் வரை உள்ளே நுழையும் காற்று குறைவு. 2021 எஃப்-150 வண்டியில் வேகம் கூடும்போது முன்பக்கத்தின் அடியில் தானே கீழிறங்கும் காற்றுத் தடுப்புப் பலகை ஒன்றும் உண்டு. அடியில் போகும் காற்றைக் குறைப்பதற்காகப் பொறியியலாளர்கள் அவ்வளவு சிரமப்பட்டிருக்கிறார்கள். வண்டியை ஆறு அங்குலம் உயர்த்தினால் அப்பலகைக்குக் கீழே ஆறு அங்குலச் சந்து திறந்துகொள்கிறது. பெரிய டயரின் முகமும் காற்றுக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறது.

அடுத்தது ரப்பர். உருளும் டயர் தரையில் படும் இடத்தில் நசுங்கி மீள்கிறது. கொடுத்த ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. மீதி வெப்பமாகிறது. சேற்றிலும் பாறையிலும் ஓடுவதற்கான டயர்களில் தடித்த கட்டைகளாக ரப்பர் இருப்பதால் இந்த இழப்பு கூடுதல். என் தந்தை லாரி ஓட்டுநர். டயரில் காற்று இறங்கினால் வண்டி டீசலைக் கூடுதலாகக் குடிக்கும் என்பது எந்த நூலையும் புரட்டாமல் அவருக்குத் தெரியும். உருளல் தடைக் குணகம் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதைத்தான் நான் கல்லூரிக்கு வந்து அறிந்துகொண்டேன்.

உயர்த்தியதால் காற்றுத் தடை நூற்றுக்குப் பத்து கூடியது என்றும், முரட்டு டயரால் உருளல் தடைக் குணகம் 0.013 ஆனது என்றும் கொள்வோம். 670 நியூட்டன் 737 ஆகிறது. 245 நியூட்டன் 319 ஆகிறது. மொத்தம் 1056. முன்னைவிட நூற்றுக்கு 15 மிகுதி. சுமை கூடும்போது என்ஜினின் திறன் சற்று மேம்படுவதால் பெட்ரோலும் அப்படியே 15 கூடும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதை ஒட்டியே போகும். கூடிய 141 நியூட்டனுக்காக 100 கி.மீ.யில் செய்யும் வேலை 141 லட்சம் ஜூல், அதாவது இரண்டரைப் பாட்டரி நிறைய. இதில் ஒரு ஜூல்கூடப் பிரேக்கில் மீளாது.

பெரிய டயரின் கனத்தையே முதற் குற்றவாளியாகக் கூறுவோர் உண்டு. சக்கரத்தில் ஒரு கிலோ கூடினால் வண்டியில் பத்துக் கிலோ ஏற்றியதற்குச் சமம் என்றெல்லாம் பேசுகிறார்கள். நம் பாடப்புத்தகம் இதை ஒப்பாது. சக்கரத்தின் விளிம்பிலேயே இருக்கும் நிறைக்கு நேர்கோட்டு இயக்க ஆற்றல் ½mv². சுழற்சி ஆற்றலும் ½mv². கூட்டினால் mv². எனவே விளிம்பில் உள்ள ஒரு கிலோ, வண்டிக்குள் உள்ள இரண்டு கிலோவுக்கு நிகர். அதற்கு மேல் இல்லை. ஆரம் கணக்கில் அடிபட்டுப் போவதைக் கவனிக்க. டயருக்கு 8 கிலோ வீதம் நான்கிற்கு 32 கிலோ கூடினாலும் அது 64 கிலோ ஏற்றியது போலத்தான். 2500 கிலோ வண்டிக்கு இது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அந்த ஆற்றலிலும் ஒரு பகுதியை ஹைபிரிட் பிரேக்கில் மீட்டுக்கொள்ளும். கனத்தை ஹைபிரிட் மன்னிக்கும், காற்றை மன்னிக்காது என்பதே என் கருத்து.

மீட்டர் சொல்லும் பொய்

இங்கே இன்னொரு வேடிக்கை உண்டு. குறைந்துவிட்டது என்று அவர்கள் கூறும் மைலேஜில் ஒரு பகுதி உண்மையில் குறையவே இல்லை.

வண்டியின் மைல் மீட்டர் சாலையை அளப்பதில்லை. சக்கரம் சுற்றும் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. எஃப்-150 வண்டிக்குரிய டயர் அளவுகளுள் 275/65 ஆர் 18 ஒன்று. அதன் விட்டம் 815 மில்லிமீட்டர், அதாவது 32.1 அங்குலம். அதை எடுத்துவிட்டு 35 அங்குல டயரைப் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி நூற்றுக்கு 9 பங்கு கூடுதல் தூரம் போகிறது. மீட்டரோ பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும்.

20 காலன் பெட்ரோலில் மீட்டர் 400 மைல் காட்டினால் உரிமையாளர் வகுத்துப் பார்த்து, "24 தந்த வண்டி 20 ஆகிவிட்டது" என்று தலையில் கை வைக்கிறார். அவர் ஓடியது உண்மையில் 436 மைல். சரியான விடை 21.8. இழந்ததாக எண்ணிய 4 மைலில் 1.8 வெறும் கணக்குப் பிழை.

இதைக் கேட்டு அவர் நிம்மதி அடைவதற்குள் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். வேகமானியும் அதே பொய்யைச் சொல்கிறது. முள் 60 மைலில் நிற்கும்போது வண்டி 65.4 மைல் வேகத்தில் பறக்கிறது. இருமடி விதிப்படி காற்றுத் தடை நூற்றுக்கு 19 கூடிவிடுகிறது. ஓட்டுபவர் அறியாமலே இந்தப் பெட்ரோல் செலவாகிறது. போலீஸ்காரரிடம் அபராதம் கட்ட வேண்டி வந்தால் அது தனி.

சக்கரம் பெரிதானதால் ஒரே தூரத்திற்கு என்ஜின் குறைவாகச் சுற்றும், எனவே சிக்கனம்தானே என்று கேட்கலாம். முறுக்கு விசை மாறாதிருக்க ஆரம் கூடினால் சாலையில் கிடைக்கும் உந்து விசை குறையும். கியர்ப் பெட்டி அதை ஈடு செய்யக் கீழ்க் கியருக்கு இறங்குகிறது. மின்மோட்டாரின் உந்துதலும் அதே அளவில் குறைவதால், முன்பு மின்சாரத்திலேயே நகர்ந்த இடத்தில் இப்போது என்ஜின் முன்னதாக விழித்துக்கொள்கிறது.

தொழிற்சாலையே உயர்த்தி விற்கும் வண்டி ஒன்று நமக்கு நல்ல சாட்சி. 2022 டண்ட்ரா ஹைபிரிட் நாற்சக்கர இயக்க வண்டிக்கு முகமை தந்த எண் நகரில் 19, நெடுஞ்சாலையில் 22. அதன் டி.ஆர்.டி. புரோ வகைக்கு முன்பக்கம் 1.1 அங்குல உயர்வு, 33 அங்குல முரட்டு டயர். எண்கள் 18, 20. நகரில் இழப்பு 1, நெடுஞ்சாலையில் 2. இரண்டு வண்டிகளுக்கும் வேறு சில மாறுபாடுகளும் இருப்பதால் முழுப் பழியையும் டயரின் மேல் போட முடியாது. ஆயினும் ஓர் அங்குலத்திற்கே இது என்றால் ஆறு அங்குலத்தை எண்ணிப் பார்க்கலாம்.

ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டும் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் எஃப்-150 ஹைபிரிட்டை வாங்கி உயர்த்தியவர்கள். முதலாமவர் நகரிலேயே ஓட்டுகிறார். சாதாரண வண்டியானால் 833 காலன், ஹைபிரிட்டுக்கு 625 காலன். டண்ட்ராவைப் போல இவருக்கும் ஒரு மைல் குறைந்து 23 ஆனால் 652 காலன். 208 காலன் சேமித்த இடத்தில் 181 காலன். இவருக்கு இது பெரிய நட்டமில்லை. இரண்டாமவர் நெடுஞ்சாலையிலேயே ஓட்டுகிறார். சாதாரண வண்டிக்கு 652, ஹைபிரிட்டுக்கு 625. சேமிப்பே 27 காலன்தான். நம் கணக்கின் 15 விழுக்காட்டை அப்படியே வைத்தால் அவருக்குக் கிடைப்பது 21 மைல். செலவு 714 காலன். உயர்த்தாத சாதாரண வண்டியைவிட 62 காலன், அதாவது சுமார் 235 லிட்டர், அதிகம்!

பனியிலும் சேற்றிலும் பாறைப் பாதையிலும் பிழைப்பு நடத்துபவர்களுக்கு உயரம் தேவைதான். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்களும் டயர் மாற்றிய அன்றே புதிய அளவைப் பட்டறையில் சொல்லி வேகமானியைத் திருத்திக்கொள்ளலாம். வண்டிக்குள் இருக்கும் கணிப்பொறிக்குப் புதிய டயரின் அளவைத் தெரிவித்தால் போதும். மீட்டரும் வேகமானியும் மெய் சொல்லத் தொடங்கிவிடும். தேவைக்கு மேல் உயர்த்தியிருந்தால் அது எவ்வளவு பெட்ரோல் என்பதும் அடுத்த முறை தொட்டியை நிரப்பும்போது தெரிந்துவிடும்.