இரவு இரண்டு மணிக்கு நீங்கள் மட்டும் இருந்தால்?

அரசு மருத்துவமனை வேலை என்றதும் எம்.ஆர்.பி. தேர்வுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 2012-ல் தொடங்கிய அந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர்களை எழுத்துத் தேர்வு வைத்து எடுக்கிறது. நேர்முகம் நடப்பது இன்னொரு வாசலில். 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கமாக வந்து, இப்போது தேசிய நலவாழ்வு இயக்கமாக இருக்கும் திட்டத்தின் பணத்தில், கலெக்டர் தலைமையில் இயங்கும் மாவட்ட நலவாழ்வு சங்கம் ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீசியன் போன்றவர்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறது. மதிப்பெண்ணோடு நேர்முகமும் வைக்கும் மாவட்டங்கள் உண்டு. நர்சிங் சூப்பரின்டென்டென்ட் என்ற முறையில் அந்த மேஜைக்குப் பின்னால் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வரும் பிள்ளைகள் எதற்குத் தயாராக வர வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சான்றிதழ் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். நர்சிங் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா, சாதிச் சான்றில் உள்ள பெயரும் மார்க் ஷீட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். இனிஷியல் மாறியதால் வாசலிலேயே நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் எல்லோரிடமும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "ஆரம்ப சுகாதார நிலையம். இரவு இரண்டு மணி. நீங்களும் ஆயாம்மாவும்தான் இருக்கிறீர்கள். டாக்டர் வீட்டில் ஆன்-கால். பிரசவம் நல்லபடியாக முடிந்து, நஞ்சும் வெளியே வந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் துணி மாற்றி மாற்றி நனைகிறது. என்ன செய்வீர்கள்?"

இது கற்பனைக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் நிலையங்களில் இரவு ஷிப்டைத் தாங்குவது ஒரே ஒரு சிஸ்டர்தான். பிரசவத்துக்குப் பின் 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனாலே அபாயக் கணக்கில் வரும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண் அந்த அளவைக்கூடத் தாங்கமாட்டாள்.

வந்தவர்களில் பாதிப் பேர், "டாக்டருக்குப் போன் பண்ணுவேன் மேடம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். இன்னும் சிலர் ரத்தப்போக்குக்கான நான்கு காரணங்களையும் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே ஒப்பிப்பார்கள். இரண்டிலும் பிழை இல்லை. ஆனால் போனில் பேசும் அந்த இரண்டு நிமிஷம் தாயின் வயிற்றில் யார் கை இருந்தது?

ஒரு பெண் சொன்ன பதிலை இங்கே எழுதியே ஆக வேண்டும். "முதல்ல சத்தம் போட்டு ஆயாம்மாவக் கூப்பிடுவேன் மேடம். வயித்துல கை வச்சு கர்ப்பப்பை இறுகியிருக்கா, தளர்ந்திருக்கான்னு பார்ப்பேன். தளர்ந்திருந்தா விடாம மசாஜ் பண்ணுவேன். கைய எடுக்காமலே டாக்டருக்கும் 108-க்கும் ஆயாம்மாவப் போன் போடச் சொல்லுவேன். ஐ.வி. லைன், ஆக்ஸிடோசின் டிரிப். மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா கர்ப்பப்பை சுருங்காது, அதனால கத்தீட்டர் போடுவேன். நஞ்சு முழுசா வந்துச்சான்னு திரும்பப் பார்ப்பேன். கிழிசல் இருக்கான்னும் பார்ப்பேன். நிக்கலன்னா வண்டி ஏத்தும்போதே சீமாங் (அவசர மகப்பேறு சிகிச்சை) சென்டருக்குச் சொல்லிடுவேன். பிளட் குரூப்பும் சொல்லிடுவேன்."

எங்கே கற்றாய் என்று கேட்டேன். தனியார் மருத்துவமனை லேபர் வார்டில் சொற்பச் சம்பளத்துக்குப் பார்த்த இரவு டூட்டியில் என்றாள். அவளுடைய மதிப்பெண் நடுத்தரம்தான். அறிவு எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. எதை முதலில், எதை அடுத்து, யாரிடம் எதைச் சொல்லிச் செய்வது என்ற வரிசைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. நான் காது கொடுத்துக் கேட்டது அந்த வரிசையைத்தான்.

தடுப்பூசியிலும் அப்படியே. "கரண்ட் போய்விட்டது, ஐ.எல்.ஆர். பெட்டியில் வேக்சின் இருக்கிறது" என்றால், மூடியைத் திறக்கமாட்டேன் என்பதுதான் முதல் பதில். தெர்மாமீட்டர் இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் காட்டுகிறதா, குப்பி மேல் உள்ள, சூடு பட்டதைக் காட்டும் வி.வி.எம். குறியின் நிறம் மாறியிருக்கிறதா என்பதெல்லாம் பிறகு. கலக்கிய பி.சி.ஜி. குப்பியை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று காரணத்தோடு சொன்னவர்களுக்கு நான் தாராளமாக மார்க் போட்டேன்.

வீடு தேடிப் போகும் வேலைக்குக் கேள்வி வேறு மாதிரி இருக்க வேண்டும். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, பிரஷர், சுகர் மாத்திரை நின்றுபோனவர்களைப் பிடித்து வைப்பது பெரிய பணியாகிவிட்டது. "தலைசுத்தல் நின்னுடுச்சு, மாத்திரையும் நிறுத்திட்டேன்" என்கிற பெரியவரிடம் எப்படிப் பேசுவீர்கள்? அதட்டுவேன் என்று சொன்னவர்கள் உண்டு. என் மனம் சாய்ந்தது, "ஏன் ஐயா நிறுத்தினீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருப்பேன் என்றவர்கள் பக்கம். மாத்திரை வாங்க வரும் நாளில் கூலி போய்விடும் என்ற காரணம் அப்படிக் கேட்டால்தான் வெளியே வரும்.

கேட்பவர்கள் மீதும் எனக்கு மனக்குறை உண்டு. சுகாதார அமைச்சர் பெயர் என்ன, இந்தத் திட்டம் எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேட்டே ஆளை அனுப்பிவிடும் குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். விடியற்காலை பஸ் பிடித்து, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு அது அநியாயம். நமக்கும் நஷ்டம், ஏனென்றால் நாளை நம் வீட்டுப் பிள்ளைக்குப் பிரசவம் பார்க்கப்போகிறவரை அந்தக் கேள்வியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு வாருங்கள். இந்தப் பணிகள் பெரும்பாலும் பதினோரு மாத ஒப்பந்தம். செவிலியருக்குப் பல அறிவிப்புகளில் தொகுப்பூதியம் 18,000 ரூபாய். நிரந்தரம் கேட்கமாட்டேன் என்று ஒப்புதல் கடிதமும் எழுதித் தர வேண்டும். உயிர் காக்கும் வேலைக்கு இது போதாது என்று பணியில் இருந்தபோதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். எல்லாம் தெரிந்து வருகிறவர்களுக்கு எதிரே இருப்பவரைக் கேட்கும் உரிமையும் உண்டு. "ஏதாவது கேட்கணுமா?" என்றால் தலையாட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். மாதம் எத்தனை பிரசவம் நடக்கிறது, இரவில் கூட யார் இருப்பார்கள், குவார்ட்டர்ஸ் உண்டா, பக்கத்துச் சீமாங் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டவர்களை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிட்டதில்லை.