பிரசவத்திற்குப் பின் பாதம் தூக்க வரவில்லையா?

- நமது திருப்பதி நிருபர்

சித்தூரில் நம்மவர் ஒருவர் வீட்டில் தலைப்பிரசவம். தாயும் சேயும் நலம் என்று மிட்டாய் வழங்கிய மறுநாள், கட்டிலை விட்டு இறங்கிய பெண்ணின் வலது பாதம் தரையில் இழுபட்டது. "வாதம் வந்துவிட்டது" என்றார் பாட்டி. "முதுகில் போட்ட ஊசிதான் காரணம்" என்றார் மாமியார். செங்கல்லைச் சுடவைத்து ஒத்தடம் கொடுக்க ஏற்பாடு நடந்தது. நல்லவேளை, டாக்டர் தடுத்துவிட்டார். மூன்றே மாதத்தில் அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

இது வாதமல்ல, நரம்பு அழுந்தியதால் வந்த பலவீனம். குழந்தையின் தலை இறங்கும்போது, இடுப்பெலும்பின் விளிம்பில் காலுக்குச் செல்லும் நரம்பை அழுத்தக்கூடும். கால்களை மடக்கியபடி நெடுநேரம் முக்கினால், முழங்காலின் வெளிப்புறத்தில் ஓடும் நரம்பும் அழுந்தும். அப்போது பாதம் தொங்கும். தொடை நரம்பு அழுந்தினால் படியேறும்போது முழங்கால் மடங்கிவிடும். சிலருக்குத் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவதோடு சரி.

அமெரிக்காவில் சிகாகோ நகரில் பிரசவித்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களை விசாரித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், 56 பேருக்கு இத்தகைய பாதிப்பு இருந்தது. நூற்றுக்கு ஒருவர் எனலாம். தலைப்பிரசவமும், நெடுநேரம் முக்க நேர்ந்ததுமே முக்கிய காரணங்கள். பாதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு இரண்டு மாதத்திற்குள் குணமாகிவிட்டது. முதுகு ஊசியால் நரம்பு கெடுவது மிக அபூர்வம்.

அதுவரை என்ன செய்வது? மரத்த காலுக்குச் சூடு தெரியாது. ஆகவே ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்து புண்ணாகும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம்; எண்ணெய் போட்டு உருவக் கூடாது, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பாதத்தைத் தாங்கும் பட்டையும், டாக்டர் சொல்லும் பயிற்சியும் போதும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியே நடக்கவிடாதீர்கள்.

ஆனால் இரண்டு காலும் பலமிழந்தாலோ, பலவீனம் நாளுக்கு நாள் கூடினாலோ, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலுடன் கடும் முதுகுவலி வந்தாலோ, ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. 108க்குப் போன் செய்யுங்கள்.

திருப்பதியில் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியும், நரம்பு டாக்டர்கள் உள்ள ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. தெலுங்கு சரளமாக வராதவர்கள், "பாதம் பைக்கி லேவடம் லேது" என்றால் போதும். பாதம் மேலே தூக்க வரவில்லை என்று பொருள். நாள்பட்டும் சரியாகாத சிலருக்குத் தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தும் ஆபரேஷன் உண்டு. சித்தூருக்கு அருகே வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் பாதம் தொங்கியவர்களுக்கு இத்தகைய ஆபரேஷன் செய்து பெயர் பெற்றவர்.

பிழைக்க வந்த ஊரில் தாய்வீடு பக்கத்தில் இல்லை. கணவன் ஷிப்டுக்குப் போய்விடுகிறான். "பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று பெண்ணும் வெளியே சொல்வதில்லை. குழந்தையின் எடையை விசாரிக்கும் நாம், பெற்றவள் நேராக நடக்கிறாளா என்றும் ஒரு முறை பார்ப்போம்.